ஏறக்குறைய நிறமற்றது

எங்கள் தெருக் குழாயில் அரக்கு வந்தால் முகூர்த்த மாதங்கள் நெருங்கிவிட்டன என்று பொருள். கிளிப்பச்சை வந்தால் ஜவுளிக்கடைக்காரர்கள் ஆடித் தள்ளுபடிக்குச் சரக்குச் சேர்க்கிறார்கள். வாடாமல்லிக்குக் காலநேரம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் வரும். இந்த வருஷம் எந்தக் கலர் பட்டு ஓடும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய கடைக்காரர்கள் ஆரணிக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறார்களாம். எங்கள் தெருவில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துப் பார்த்தால் போதும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆற்றில் கிணறு வெட்டி, அங்கிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றி, எங்களுக்குக் குடிநீர் விடுகிறார்கள். கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில், தண்ணீர் வருகிற மேற்குப் பக்கத்தில், சாயப்பட்டறை வாய்க்கால் ஆற்றில் சேருகிறது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அந்தப் பட்டறைகளில் தோய்கிற பட்டுதான் எங்கள் தறிகளில் ஏறுகிறது, அதில்தான் எங்களுக்குச் சோறு. அதனால் தெருவில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. குடிக்கக் கேன் வாங்கிக்கொள்வோம், மற்றதற்கெல்லாம் அன்றைய கலரில் புழங்கிக்கொள்வோம். வெள்ளைச் சட்டையை மட்டும் வீட்டில் துவைப்பதில்லை.

முதலில் வாய் திறந்தவர் என் பக்கத்து வீட்டு சிவப்பிரகாசம். முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருப்பவர், அதிர்ந்து பேசாதவர். ஒரே மகள் ஜெயப்ரியாவைக் கண்ணமங்கலத்தில் கொடுத்திருக்கிறார். அவளுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர நாள் குறிக்கவேண்டும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி சந்திரமோகன் வந்திருந்தார்.

சிவப்பிரகாசத்தின் மனைவி திலகவதி வடை பாயசத்தோடு சமைத்திருந்தாள். குடிக்கக் கேன் தண்ணீர் வைத்திருந்தாள். சம்பந்தி சாப்பிட்டு முடித்தவர் நேராக முற்றத்துக் குழாயைத் திறந்து கை கழுவிவிட்டார். தடுக்க யாருக்கும் நேரமில்லை. தோளில் இருந்த வெள்ளைத் துண்டில் கையைத் துடைத்தார். துண்டு அரக்கானது.

சந்திரமோகன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துண்டை விரித்துப் பார்த்தார், மடித்தார், மறுபடி விரித்துப் பார்த்தார்.

"தப்பா நெனைச்சிக்காதீங்க சம்பந்தி. பொறக்கப் போற கொழந்தைக்கு இந்தத் தண்ணியவா ஊத்துவீங்க? தண்ணி நல்லாகீதுன்னு சீல் வெச்ச ரிப்போர்ட் ஒண்ணு வாங்கிக் குடுங்க. மறுநாளே பொண்ண இட்டாந்து வுட்டுர்றேன். இல்லன்னா பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் சிவப்பிரகாசத்தைக் கொன்றது. தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் நடந்தால், பெண்ணைப் பெற்றவனுக்கு மூன்று மாதம் சோறு போட வக்கில்லை என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும், மகள் என்ன நினைப்பாள்? குடிக்கத்தான் கேன் இருக்கிறதே என்பீர்கள். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் தினம் அண்டா அண்டாவாக ஊற்றவேண்டும், அதற்குக் குழாயை விட்டால் வழியில்லை. தண்ணீரைச் சரி பண்ணவேண்டும், மகளைக் கூட்டிவரவேண்டும். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

போளூர் ரோட்டில் ஒரு மாடியில் நீர்த்தர உறுதி மையம் இருக்கிறது. திறந்து மூன்று வருஷமாகிறது. மனு எழுதியது நான்தான், தெருவில் கொஞ்சம் எழுதத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. 'நிறம்' என்ற இடத்தில் சிவப்பிரகாசம் சொன்னபடி 'அரக்கு' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் கலரை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நூலைக் காட்டவேண்டும். அதனால் தறியில் பாவு பிணைத்தபோது மிஞ்சிய அரக்கு நூலில் நாலு இழையை மனுவோடு பின் அடித்துக் கொடுத்தோம். குழாய்த் தண்ணீரும் அந்த நூலும் ஒரே கலர், ஒரே தோய்ப்பு.

மையத்தின் குமாஸ்தா நூலைப் பிய்த்து 'இணைப்பு ஒன்று' என்று எழுதி மேஜை இழுப்பறையில் போட்டார். பிறகு படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். நிறம் என்பதில் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாதாம். இரண்டே கட்டங்கள். ஒன்று 'நிறமற்றது', இன்னொன்று 'ஏறக்குறைய நிறமற்றது'. நிறம் இருந்தால் எதை டிக் அடிப்பது என்று சிவப்பிரகாசம் கேட்டார். குமாஸ்தா உண்மையாகவே யோசித்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும், நிறம் இருந்தால் இரண்டாவதை அடிக்கலாம் என்றும் சொன்னார். சிவப்பிரகாசம் அடித்தார்.

துணைக் கண்காணிப்பாளர் மாணிக்கவேல் எங்களை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், முகத்தில் கடுமையே இல்லை. அவருக்குப் பின்னால் அலமாரியில் மூன்று கேடயங்கள் இருந்தன. பக்கத்தில் ஸ்டாண்டில் தண்ணீர் கேன் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"இந்த மையத்துல மூணு வருஷத்துல ஒரு சாம்பிள்கூட ஃபெயில் ஆனதில்லீங்க. அதான் மூணு வருஷமும் கேடயம் எங்களுக்கே. நாங்க அவசரப்பட்டு எதையும் எழுதறதில்ல. சாம்பிள் சரியா வரலன்னா மறுபடி எடுப்போம். அப்பவும் வரலன்னா மழை பெய்யற வரைக்கும் காத்திருப்போம். தண்ணிக்கும் ஒரு சான்ஸ் குடுக்கணும் இல்லீங்களா?"

பிறகு சிவப்பிரகாசத்திடம் என்ன தொழில் என்று கேட்டார். நெசவு என்றதும் அவர் முகம் தெளிந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கலரையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குக் கண்ணில் கலர் தங்கிவிடும், அப்புறம் எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரியும் என்று விளக்கினார். கலர் தண்ணீரில் இருக்கிறதா, பார்க்கிற கண்ணில் இருக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்தாகவேண்டும். ஆகவே கண் மருத்துவரின் சான்றிதழ் தேவை.

நாங்கள் போய் வாங்கினோம். ஐம்பத்தாறு வயதில் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிற மனிதரை டாக்டர் ஆச்சரியமாகப் பார்த்து, பார்வை நன்று என்று எழுதிக் கொடுத்தார். அது 'இணைப்பு இரண்டு' ஆனது. இதற்குள் பதினெட்டு நாள் போய்விட்டது. ஜெயப்ரியாவுக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது, அதற்கு முன்பே கண்ணமங்கலத்தில் வளையல் போட்டும் ஆயிற்று. வழக்கப்படி அன்றே அழைத்து வந்திருக்கவேண்டியவளை விட்டுவிட்டு, சிவப்பிரகாசமும் திலகவதியும் வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தார்கள். ஆவணி கழிந்தால் புரட்டாசி, புரட்டாசியில் பெண்ணை அனுப்பமாட்டோம் என்று சம்பந்தி வேறு சொல்லி அனுப்பியிருந்தார்.

கண் சரியாக இருப்பதால் இனி தண்ணீரைப் பார்க்கலாம் என்று மாணிக்கவேல் ஒப்புக்கொண்டார். அரை லிட்டர் தண்ணீர், சுத்தமான பாட்டிலில், மனுதாரரே பொறுப்பாகக் கொண்டுவரவேண்டும். சிவப்பிரகாசம் தறியை விட்டு எழுந்திருக்க முடியாத நாள் அது. ஆபீசருக்குக் கொடுக்கவேண்டும், ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். மறுநாள் காலை அவள் துணிப்பையில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்தார்.

பரிசோதனைக் கூடத்தில் சத்யப்ரியா என்று ஒரு பெண். அந்த அலுவலகத்தில் தண்ணீரைக் கண்ணால் பார்க்கிற வேலை அவளுக்கு மட்டும்தான். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இவ்வளவு தெளிவான தண்ணீரை இங்கே பார்த்ததே இல்லை என்றாள். சிவப்பிரகாசம் அப்போதுதான் பாட்டிலைப் பார்த்தார். அதற்குள் அதில் எண் ஒட்டியாகிவிட்டது. எண் ஒட்டிய பாட்டில் அரசாங்கச் சொத்து, திருப்பித் தரமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது திலகவதிக்குத் தான் செய்த தப்பு என்னவென்றே புரியவில்லை. தண்ணீரைப் பிடித்து, படிகாரம் தேய்த்து, ராத்திரி முழுக்கத் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் நாலாக மடித்த வேட்டியில் மூன்று தரம் வடிகட்டியிருக்கிறாள்.

"ஆபீசருக்குக் குடுக்கறதுன்னு நீங்கதான சொன்னீங்க? அந்தக் கண்றாவிய அப்படியே ரொப்பிக் குடுத்தா நம்ம வூட்டப் பத்தி இன்னா நெனைப்பாங்க?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். வெளியாள் கைக்குப் போகிற சொம்பைத் தேய்க்காமல் கொடுக்கமாட்டார்கள், இது ஆபீசர் கைக்குப் போகிற தண்ணீர்.

மறுநாள் நானும் சிவப்பிரகாசமும் விடிந்ததும் குழாயடியில் நின்று, ஒரு துணிகூடக் குறுக்கே படாமல், இரண்டாவது பாட்டிலைப் பிடித்துக்கொண்டு போனோம். அசல் அரக்கு. சத்யப்ரியா அதை மெஷினில் வைத்தாள். மெஷின் கூவியது. அப்படிக் கூவும் என்பதே அங்கிருந்த மற்றவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது, குமாஸ்தா செல்போனை எடுத்துப் பார்த்தார். அவள் கண்டதைக் கண்டபடி எழுதி உள்ளே கொண்டுபோனாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

மாணிக்கவேல் எங்களைக் கூப்பிட்டு வருத்தத்தோடு சொன்னார்.

"ஐயா, இது தண்ணி இல்லீங்க. எங்க வேலை தண்ணியச் சோதிக்கறது. இவ்ளோ சாயம் இருந்தா விதிப்படி இது தண்ணியில சேராது, கழிவு. கழிவு வேற டிபார்ட்மெண்ட். அவங்களக் கேட்டா, குழாயில வந்தா அது குடிநீர், கழிவு ஆவாதும்பாங்க. அவங்க சொல்றதும் சரிதான். அதனால இந்த பாட்டில் வரவே இல்லன்னு வெச்சிக்குவோம். மொத பாட்டில் தண்ணி, அத எடுத்துக்கறோம்."

சோதனையில் தேறியது மட்டும்தான் தண்ணீர், தேறாதது தண்ணீரே இல்லை, ஆகவே தேறாத தண்ணீர் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. மூன்று கேடயங்களும் எப்படி வந்தன என்பது எனக்கு அப்போது விளங்கியது. சிவப்பிரகாசத்துக்கு விளங்கவில்லை. தண்ணீர் இல்லையென்றால் எங்கள் குழாயில் வருவது என்ன என்று படி இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

சத்யப்ரியா எங்கள் பின்னாலேயே படியில் இறங்கி வந்தாள். அவள் கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. அட்டையில் 'நீர் அல்லாதவை' என்று எழுதியிருந்தது. திறந்து காட்டினாள், பக்கம் பக்கமாக எண்கள், தேதிகள், தெருக்கள். இது மூன்றாவது நோட்டாம்.

"நானும் எழுதிகினுதாங்க இருக்கறேன். எங்கம்மா வூடு உங்களுக்கு அடுத்த தெருதான்" என்றாள். நோட்டை மூடிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பத்து நாள் கழித்து மையத்திலிருந்து கடிதம் வந்தது. திலகவதி கொடுத்த பாட்டில்தான் மையத்தின் வரலாற்றிலேயே மிகச் சுத்தமான மாதிரியாம். எங்கள் தெரு 'தூய நீர்த் தெரு' என்று அறிவிக்கப்படுகிறது, விழா எடுத்துக் கேடயம் தரப்படும்.

பிள்ளையார் கோவில் முனையில் பந்தல் போட்டார்கள். விழா நாளன்று பாதுகாப்புக் கருதி எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். திலகவதியை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். அவள் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று மைக்கில் சொன்னார்கள்.

மாணிக்கவேல் அரைமணி நேரம் பேசினார். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். "தண்ணியப் பாத்து முடிவு பண்றதெல்லாம் பழைய காலம். தண்ணிய யார் வேணா பாக்கலாம், ஆடு மாடுகூடப் பாக்குது. ரிப்போர்ட்ட நாங்க மட்டும்தான் பாக்க முடியும்" என்றார். கைதட்டல் வந்தது.

சீல் வைத்த அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சிவப்பிரகாசத்தின் கையில் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கின் முன்னால் போய் நின்றார்.

"சார், அது எங்க வூட்ல வடிகட்டின தண்ணி. குழாயில வர்றது அரக்கு" என்றார்.

மாணிக்கவேல் கொஞ்சமும் கலங்காமல் அவர் தோளில் கை போட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீரை வடிகட்டித்தான் குடிக்கவேண்டும் என்ற விழிப்புணர்வு ஒரு சாதாரண நெசவாளிக்கே இருக்கிறது என்றால், அதுதான் மையத்தின் மூன்று வருஷ உழைப்பு என்றார். இந்தமுறை கைதட்டல் அதிகமாக இருந்தது. நானும் தட்டினேன். சுற்றிலும் எல்லோரும் தட்டும்போது கை சும்மா இருப்பதில்லை.

அன்று சாயங்காலமே அந்தப் போட்டோ செல்போன் செல்போனாகச் சுற்றிக் கண்ணமங்கலத்துக்குப் போய்விட்டது. சிவப்பிரகாசம் சட்டம் போட்ட அறிக்கையைச் சுவரில் மாட்டவும் மனமில்லாமல், தூக்கிப் போடவும் துணிவில்லாமல், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சம்பந்தி போன் செய்தார். பெருமையில் அவர் குரல் எனக்கே கேட்டது. ரிப்போர்ட் கேட்டால் கேடயத்தோடு வாங்கிவிட்டீர்களே, நாள் பார்த்துவிட்டேன், புரட்டாசி பிறப்பதற்குள், வெள்ளிக்கிழமை காலை பெண்ணோடு வருகிறோம் என்றார்.

சிவப்பிரகாசம் உண்மையைச் சொன்னார். படிகாரம், வேட்டி, இரண்டாவது பாட்டில், நோட்டு, எல்லாவற்றையும் சொல்லி, அந்த அறிக்கையை நம்பாதீர்கள் என்று முடித்தார். சந்திரமோகனின் குரலில் இருந்த பெருமை போய்விட்டது.

"சம்பந்தி, முப்பத்துநாலு வருஷம் சீல் குத்தினவன் நான். சீல் பொய்யி, நீங்க சொல்றது நெசமா? மொதல்ல ரிப்போர்ட் இல்லன்னீங்க. இப்ப ரிப்போர்ட்டு கீது, நம்பாதன்றீங்க. பிரசவம் பாக்கறது பேஜாருன்னா நேரா சொல்லிடுங்க, மனசு வருத்தப்படமாட்டேன்."

அந்தப் பக்கம் போன் கைமாறியது.

"அப்பா, என்ன இட்டுகினு போவ உனக்கு இஷ்டமில்லியா?" என்று ஜெயப்ரியா கேட்டாள்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியில் இருந்த அறிக்கையைப் பார்த்தார். உலகத்தில் எந்த மையமும் அந்தக் கேள்விக்குப் படிவம் வைத்திருக்கவில்லை.

"வாம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கார் வந்து நின்றது. ஆரத்தி கரைக்க மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்துவைத்திருந்தாள் திலகவதி. முதல்நாளே பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கேன் வாங்கிவைத்திருந்தாள், வந்த ஜனங்களுக்குக் காபி போட்டதில் அது தீர்ந்துவிட்டது. ஜல்தி ஜல்தி என்று வாசலில் குரல் கொடுத்தார்கள். பெண் வெயிலில் நிற்கிறாள். திலகவதி தாம்பாளத்தைக் குழாயடியில் பிடித்தாள். நிறைந்ததும் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு மஞ்சளையும் சுண்ணாம்பையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கற்பூரத்தை மட்டும் வெற்றிலையில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

மூன்று சுற்று சுற்றி, தாம்பாளத்தில் விரலைத் தோய்த்து மகளின் நெற்றியில் பொட்டு வைத்தாள். சந்திரமோகன் எட்டிப் பார்த்து, ஆரத்தி நல்ல பதமாகக் கரைத்திருக்கிறீர்கள் என்று மனதாரப் பாராட்டினார். மிச்சத்தை வாசலில் ஊற்றினார்கள். கையோடு கொண்டுவந்திருந்த ஆணியை அடித்து, அந்த அறிக்கையைக் கூடத்துச் சுவரில் சந்திரமோகனே மாட்டிவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்து நான் போனபோது சிவப்பிரகாசம் மகளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு அப்படியே இருந்தது. தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாயிற்று, கடலை மாவு போட்டுத் தேய்த்தாயிற்று. அவர் கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, தறியில் சாயம் பார்க்கிற மாதிரி ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"கெட்டிச் சாயம் தம்பி. லேசுல போவாது" என்றார் என்னிடம்.

ஜெயப்ரியா நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தாள். இன்னொரு மனு எழுதச் சொல்வார் என்று நான் கொஞ்சநேரம் நின்றேன். அவர் தறிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். முற்றத்தில் திலகவதி, பேரப்பிள்ளைக்குத் தண்ணீர் காய்ச்சி ஊற்ற வாங்கிய புது அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று குழாயில் வாடாமல்லி வந்துகொண்டிருந்தது.